கேட்காமல் விட்ட லீவு

லிஃப்ட் மெக்கானிக்குக் குழந்தைகள் என்றால் உயிர். ஆனால் அவர் வேலைக்குப் போகும் அடுக்குமாடிகளில் குழந்தையைக் காண்பதே அபூர்வமாகிவிட்டது. குழந்தை வண்டிக்குள் ஆசையாக எட்டிப் பார்த்தால் நாய்க்குட்டி கொட்டாவி விடும்.

கல்யாணமான புதிதில், துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் மெல்லப் பேச்செடுத்தார். அவள் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிப்பவள்.

"எனக்கு மட்டும் ஆசையில்லையா? பெத்துட்டு நான் சீக்கிரமே வேலைக்குத் திரும்பணும். இல்லேன்னா என் நாற்காலியில வேற யாராவது உட்கார்ந்துடுவாங்க. அப்புறம் கொஞ்ச நாள் நீங்க லீவு போட்டுப் பார்த்துக்குவீங்களா?"

"ஆம்பளைக்கு யாரும்மா அந்த லீவு குடுப்பா?"

"உங்க கம்பெனி விதியிலேயே இருக்குங்க. கேட்டுத்தான் பாருங்களேன்."

மறுநாள் கேட்டுவிடுவது என்றுதான் கிளம்பினார். அன்று பார்த்து, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எடுத்த அதே லீவு முடிந்து, இன்னொரு பிரிவு வயர்மேன் ஒருவன் வேலைக்குத் திரும்பியிருந்தான். "வா தாயே! பால் குடுத்துட்டு வந்தியா?" என்று மேனேஜரே ஆரம்பிக்க, கூடம் அதிர்ந்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் நம்ம மெக்கானிக்தான். கேட்க வந்ததைக் கேட்காமலே வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

"ஆள் பத்தாதாம். அடுத்த வருஷம் பார்க்கலாம்னுட்டாங்க," என்றார் வீட்டில். அடுத்த வருஷமும் அதையே சொன்னார். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. அவள் லேபுக்கே தலைவியானாள். வீட்டில் பிள்ளைப் பேச்சு மட்டும் நின்றுபோனது.

தலை நரைத்த பிறகு, ஒருநாள் கடைத்தெருவில் வயர்மேன் எதிரே வந்தான். கூட அவன் தோளுக்கு வளர்ந்த மகள். "அன்னைக்கு லீவு போட்டு நான் வளர்த்த பொண்ணு," என்றான் பெருமையாக.

"அப்ப உங்களுக்கு எப்படிங்க லீவு குடுத்தாங்க?" என்று மனைவி கேட்டுவிட்டாள்.

"ரெண்டு நாள் கிண்டல் பண்ணாங்க அக்கா. ஆனா லீவு கேட்ட அன்னைக்கே கையெழுத்து போட்டுட்டாங்க. இவரும் கேட்டிருந்தா குடுத்திருப்பாங்களே!"

வீட்டுக்குள் வந்ததும் அவள், "நீங்க கேட்கவே இல்ல, அப்படித்தானே?" என்றாள்.

"கேட்கல. சிரிப்பாங்கன்னு பயந்துட்டேன்."

குளியலறைக்குள் போனாள். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. திட்டித் தீர்க்கட்டும் என்று அவர் கதவுக்கு வெளியிலேயே நின்றார். முகம் துடைத்தபடி வந்தவள், பால்கனிக்குப் போனாள். அவரும் போய் உட்கார்ந்ததும், நடுவில் இன்னொருவர் உட்கார இடம் விட்டுத் தள்ளித்தான் உட்கார்ந்தாள்.

வெயில் இறங்கும் நேரத்தில் அவளாகவே கேட்டாள்: "நமக்கு ஒரு பொண்ணு பொறந்திருந்தா யாரு மாதிரி இருந்திருப்பா?"

"உன்னை மாதிரி."

"என் மூக்கு வேணாம், பாவம். அதுக்கு உங்க மூக்கே இருக்கட்டும்."

அவர் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.