சட்டைப் பாக்கெட்டுக் காவல்

நைனாவுக்கு இழுப்பு நோய். படுத்தால் மூச்சு முட்டும். மூச்சைத் திறந்துவிடும் மாத்திரையோ கையை நடுங்கவைத்து, மிச்சமிருக்கும் தூக்கத்தையும் விரட்டிவிடும். பட்டாபிராமில் எங்கள் ஒற்றை அறை வீட்டில், சுவரோரம் மூன்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டு அவர் விடிய விடிய உட்கார்ந்திருப்பார். நெஞ்சுக்குள் யாரோ சின்னதாக விசில் ஊதுவதுபோல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

பள்ளிக்கூடக் கட்டுரையில் நான் ‘அப்பா’ என்று எழுதுவேன். வீட்டில் நைனாதான். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். மூன்றாம் வகுப்பிலேயே அந்தக் கர்வம் எனக்கு இருந்தது.

வியாசர்பாடியில் ஒரு பட்டறையில் நைனாவுக்குத் தகடு வெட்டும் வேலை. காலால் மிதியை அழுத்தினால் மேலேயிருந்து அச்சு இறங்கும். கை அதற்குள் வெளியே வந்திருக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் வேலை செய்த ஒருவருக்கு அங்கே இரண்டு விரல்கள் போயின. அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து, நைனா செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அம்மா அவருடைய கைகளைப் பிடித்துப் பார்ப்பாள். பத்தும் இருந்தால்தான் டீ போடப் போவாள். நானும் எண்ணுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குப் போய்விட்டு ரயிலில் திரும்பும்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. காலியான பெட்டியில், ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து நைனா தூங்கிப்போனார். வண்டியின் ஆட்டமோ, முகத்தில் அடித்த காற்றோ தெரியவில்லை. மற்ற நாட்களில் நிற்கவே இடமிருக்காது, எங்கே தூங்குவது? அதனால் அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். ஞாயிறு தோறும் சாப்பிட்டதும் நைனா ரயிலேறித் தூங்க வேண்டும். சென்ட்ரல் வரைக்கும் சீசன் டிக்கெட் இருந்தது. எனக்கு மட்டும் அரை டிக்கெட். வண்டி சென்ட்ரல் போய்ச் சேர்ந்து, அதே வண்டி திரும்பும். நாங்களும் இறங்காமல் திரும்புவோம்.

எனக்கு இரண்டு வேலைகள். போர்டைப் படித்து, பட்டாபிராம் வந்ததும் எழுப்ப வேண்டும். இன்னொன்றை அம்மா ஒவ்வொரு முறையும் என் தாடையைப் பிடித்துச் சொல்வாள்.

“நைனா சட்டப் பாக்கெட்டயே பாத்துகினு இரு. வேடிக்க பாத்துகினு மறந்துடாத. இன்னா?”

ரயிலில் பாக்கெட் அடிப்பவர்கள் உண்டென்று எனக்குத் தெரியும். சீசன் டிக்கெட் போய்விட்டால் வேலைக்குப் போக முடியாது என்பதும் தெரியும். ஆகவே எதிரில் உட்கார்ந்து, அந்த வெள்ளைப் பாக்கெட்டைக் கண் கொட்டாமல் காவல் காத்தேன். அது மெல்ல ஏறி மெல்ல இறங்கும். பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் முறைப்பேன்.

நான் சொல்ல வந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய வாரம் முழுக்க நைனா தூங்கவில்லை. அன்று சாப்பிடும்போதே கண் சொக்கி, கை தட்டில் நின்றுவிட்டது. மறுநாள் காலையில் மெஷின் முன்னால் நிற்க வேண்டும். அம்மா எங்களை வண்டியேற்றிவிட்டாள்.

போகும்போது அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. திரும்பும் வழியில், அம்பத்தூர் தாண்டியதும் திடீரென்று நைனாவின் நெஞ்சு விசில் நின்றது. அப்படி நின்று நான் கேட்டதே இல்லை. ஆவடி போனது. ‘பட்டாபிராம்’ என்ற மஞ்சள் போர்டு வந்தது. மனதுக்குள் படித்தேன். அவருடைய முழங்காலைத் தொடப் போன கையை இழுத்துக்கொண்டேன். வண்டி கிளம்பிவிட்டது.

அதன் பிறகுதான் பயம் பிடித்தது. இருவரிடமும் பட்டாபிராமுக்கு மேல் டிக்கெட் இல்லை. திருநின்றவூர் வந்தது. கூடையுடன் ஏறிய கொய்யாக்காய்க்காரம்மா எங்களைப் பார்த்துவிட்டு, “இன்னாமே, உங்க நைனா ஊட்ல தூங்க மாட்டாரா? ரயில வாடகிக்கு எட்த்துகினாரா?” என்றாள். நான் உதட்டில் விரலை வைத்தேன். “அடேங்கப்பா! கலெக்டரு சத்தம் போடக் கூடாதுங்குது” என்று முணுமுணுத்தபடி கூடையை நகர்த்தினாள்.

அவளுக்குப் பின்னாலேயே டி.டி.ஆர். வந்துவிட்டார். கறுப்புக் கோட்டு. என் அரை டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார்.

“பட்டாபிராம் தாண்டிடுச்சே. போர்டு படிக்கத் தெரியாதா?”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “படிச்சேன் சார். நைனா தூங்கறாரு. அதான் எழுப்பல.”

அவர் நைனாவைக் கூப்பிட்டார். இரண்டாம் முறையும் கூப்பிட்டார். நைனா அசையவில்லை. டி.டி.ஆரின் முகம் மாறியது. மெல்லக் குனிந்து, புறங்கையை நைனாவின் மூக்கருகே கொண்டுபோனார். அந்தக் கை பாக்கெட்டுக்கு மேலேதான் போனது. நான் இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துத் தொங்கி, பெட்டியே அதிரும்படி கத்தினேன்.

“பாக்கெட் அடிக்கிறாரு! நைனா, பாக்கெட்டு!”

நைனா விழித்துக்கொண்டார். விசில் மறுபடி தொடங்கியது. டி.டி.ஆர். கையை உதறிக்கொண்டு, “மூச்சு வருதான்னு பார்த்தேன்யா. இது என்னைத் திருடனாக்கிடுச்சு” என்றார். கொய்யாக்காய்க்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

நைனா சிரிக்கவில்லை. பேன்ட் பாக்கெட்டிலிருந்து சீசன் டிக்கெட்டை எடுத்து நீட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியென்றால் சட்டைப் பாக்கெட்டில் என்ன இருந்தது?

டி.டி.ஆர். அபராதம் போடவில்லை. “நாலு மணி நேரம் தூங்கி எத்தினி நாளு ஆவுது சார்” என்று நைனா மூச்சு வாங்கச் சொன்னதாலா, என் அலறலாலா, தெரியாது. வேப்பம்பட்டில் எங்களை இறக்கிவிட்டு, எதிர் வண்டியில் போகச் சொன்னார். பெஞ்சில் காத்திருந்தபோது அவருடைய சட்டைப் பாக்கெட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். காலி. “எழுப்ப வேண்டியதுதான கண்ணு?” என்று நைனா கேட்டார். “விசில் கேக்கல நைனா” என்றேன்.

பட்டாபிராம் பிளாட்பாரத்தில் அம்மா வெறுங்காலோடு நின்றிருந்தாள். நைனா இறங்குவதைப் பார்த்த பிறகுதான் என் முதுகில் ஒன்று வைத்தாள். உடனே கேட்டாள்:

“பாக்கெட்ட பாத்தியா?”

“பாத்துகினேதான் இருந்தேன். ஆனா அதுல ஒண்ணுமே இல்ல. சீசன் பேன்ட்டுல கீது.”

அம்மா என்னை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

“இருக்கட்டும். அடுத்த வாரமும் சட்டப் பாக்கெட்டயே பாரு.”

காலிப் பாக்கெட்டை எதற்குக் காவல் காப்பது? இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் அம்மாவுக்கு விளங்கவில்லையே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. பிறகு, படிக்காதவள்தானே, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.