குடும்பப் படத்துக்கு ரோமாபுரி போஸ்

ஊரார் முகத்தை நம்பிப் பிழைக்கிற தொழில் போட்டோ ஸ்டூடியோ. அப்படி ஒன்றை வைத்து நொந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், வாங்க, பக்கத்தில் உட்காருங்க. ரெண்டாவது உலகச் சண்டைக்கு முந்தின வருஷங்களில் திருச்சி தெப்பக்குளம் பக்கம் ஒரு மாடியில் கடை போட்டிருந்தேன். தை பிறப்பதற்குள் கடை ஓடாவிட்டால் மாமனாரின் அரிசி மண்டியில் போய் உட்கார வேண்டும் என்பது ஏற்பாடு.

அந்த நேரம் பார்த்து, பழைய புத்தகக் கடையில் ரோமாபுரிப் புடைப்புச் சிற்பங்களின் படப் புத்தகம் ஒன்று கையில் சிக்கியது. அடேயப்பா! ஒரு விரற்கடை இடம் காலியில்லை. ஒருத்தன் முழங்கை இன்னொருத்தன் விலாவில். முன்னால் குதிரை திமிறுகிறது, பின்னால் தலைகள் மட்டும் எட்டிப் பார்க்கின்றன. ஜெயித்தவன் மேலே கை நீட்ட, தோற்றவன் கீழே வாய் பிளக்கிறான். கல்லே இந்தத் துள்ளு துள்ளுகிறது, என்னிடம் வருகிற உயிருள்ள மனுஷர்கள் தூண் மாதிரி நிற்கிறார்களே என்று எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. இனிமேல் நம்ம கடையில் எல்லாம் ரோமாபுரி போஸ்தான்!

பக்கவாட்டு மணப்பெண்

ரோமாபுரி ஊர்வலச் சிற்பத்தில் யாரும் நம்மை நேராகப் பார்ப்பதில்லை. அதனால், மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் படம் எடுக்க உறையூரிலிருந்து வந்த பெண்ணைப் பக்கவாட்டில் திருப்பி, நடந்து போவதுபோல் நிறுத்தினேன். மூக்கும் கழுத்தும் என்ன அழகு! பிரிண்டைப் பார்த்து நானே குதித்தேன். பெண்ணின் அம்மா படத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"தம்பி, எம் பொண்ணுக்கு இன்னொரு கண்ணும் நல்லாத்தாங்க இருக்கு. அதையும் எடுத்துக் குடுங்க."

வழியனுப்பு விழா

ஸ்ரீரங்கத்து ஐயங்கார் ஒருவர் ஹெட்கிளார்க்காக இருந்து ரிடையரானார். ஆபீஸ் குரூப் படத்துக்கு நாற்காலி வரிசையே கூடாது என்றுவிட்டேன். யுத்தச் சிற்பத்தை அப்படியே வைத்தேன்: நடுவில் அவர், நாலா பக்கமும் குமாஸ்தாக்கள் கை நீட்டிச் சாய, காலடியில் இரண்டு பேர் அண்ணாந்து பார்க்க. "உணர்ச்சி வேணும், உணர்ச்சி!" என்று கறுப்புத் துணிக்குள்ளிருந்து கத்தினேன். பாவிகள், பல வருஷத்து உணர்ச்சியை ஒரே நொடியில் காட்டிவிட்டார்கள். மறுவாரம் ஐயங்கார் படத்தோடு மாடியேறினார்.

"ஆத்துக்காரி கேக்கறா ஓய், இவா என்னை வழியனுப்ப வந்தாளா, மொத்த வந்தாளான்னு!"

அத்தர் கடை சகோதரர்கள்

மார்கழி பாதி போய்விட்டது. கடைப்பக்கம் ஈ காக்காய் இல்லை. மண்டித் தவிட்டு வாசனை இப்போதே மூக்கில் ஏறியது; பயமாகத்தான் இருந்தது. அப்போது பெரிய கடை வீதி அத்தர் கடைக்கார அம்மா இரண்டு மகன்களோடும் பேத்தியோடும் வந்தார். மூத்தவர் பினாங்குக்குக் கப்பலேறப் போகிறார். கடையைப் பிரித்துக்கொண்டதிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை. ஆளுக்கொரு ஓரமாகப் போய் நின்றார்கள்.

"ரோமாபுரியில இடைவெளியே கிடையாதுங்க" என்று இருவரையும் தோளோடு தோள் இடிக்கத் தள்ளினேன். சிற்பத்தில் ஒரு குழந்தை பெரியவர் அங்கியைப் பிடித்திருக்கும். அதேபோல் மூத்தவர் மகளை அவள் சாச்சா, அதாவது சித்தப்பா சட்டையைப் பிடிக்கச் சொன்னேன். லென்ஸ் மூடியைக் கழற்றினேனோ இல்லையோ, குட்டி ஒரு இழுப்பு இழுத்தது பாருங்க! தம்பி அண்ணன்மேல் சாய, அண்ணன் தாங்கிப் பிடிக்க, இரண்டு பேருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பிரிண்டில் கையும் காலும் கலங்கிக் கிடந்தன. படம் தண்டம் என்று தலையில் கைவைத்தேன். அந்த அம்மாவோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆடினா ஆடிட்டுப் போகுது தம்பி. எம் புள்ளைங்க ரெண்டும் ஒண்ணா சிரிச்சு எம்புட்டு நாளாச்சு! நல்லாப் பெருசாப் போட்டுக் குடுங்க."

மாமனார் வந்தார்

அந்தப் படத்தை அத்தர் கடையில் மாட்டியதும் வீதியே என் மாடிக்கு ஏறி வந்தது. தை பிறந்ததும் மாமனாரும் வந்தார், பின்னால் மொத்தக் குடும்பமும். நான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டேன். அவர் காத்திருந்த கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார்.

"மண்டிக்கு வேற ஆள் பாத்துட்டேன் மாப்ளே. எங்களையும் கொஞ்சம் இடிச்சுத் தள்ளி எடுங்க."

ஆகமொத்தம், கல்லைத் துள்ளவைத்த அந்த ரோமாபுரிக்காரனுக்கு ஒரு கும்பிடு. ஆனால் எவ்வளவு இடித்துத் தள்ளியும் பல்லைக் காட்டாத எங்கள் மாமனாரைச் சிரிக்கவைக்க அவனாலும் ஆகியிருக்காது.