அழுங்கு சுருளக் கூடாது என்றார் அண்ணி

அண்ணியை நினைத்தால் மிக்சியின் மேல் சாய்த்து வைத்த கைபேசிதான் முதலில் கண்ணுக்கு வருகிறது. கடத்தூர் வீட்டு அடுப்படியில் அவரது ஒரு கை குழம்பைக் கிளறும். மறு கையின் ஒற்றை விரல் திரையைத் தட்டிக்கொண்டிருக்கும். காரிமங்கலத்தில் இருக்கும் தாய்வீட்டோடுதான் மருமகள் பேசுகிறாள் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தார். அண்ணியோ எந்தெந்த நாட்டிலோ இருக்கும் முகம் தெரியாத மனிதர்களுக்கு, ஒரு கற்பனை மிருகம் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று விதி சொல்லிக்கொண்டிருப்பார். அந்த விளையாட்டை அவருக்குக் காட்டிக்கொடுத்ததே நான்தான். அந்த எரிச்சல் இன்னும் எனக்குத் தீரவில்லை.

விளையாட்டு எளிமையானது. இரண்டு பேர் ஆளுக்குச் சில மிருகங்களைக் களத்தில் இறக்கி மோதவிட வேண்டும். ஒவ்வொரு மிருகத்துக்கும் சில வித்தைகள் உண்டு; மூவ் என்போம். விளையாட்டில் ஏற்கெனவே இருக்கும் மிருகங்கள் போதாதென்று, ரசிகர்கள் இணையத்தில் ஒரு குழுவாகக் கூடிப் புதிதாக ஒன்றை உருவாக்குவார்கள். அது எதற்காகப் பிறக்கிறது என்பதை முதலில் முடிவு செய்வார்கள். அடுத்து உருவம், கடைசியில் மூவ். ஒவ்வொரு கட்டத்துக்கும் விவாதம், அப்புறம் ஓட்டு. வேடிக்கை பார்க்க வந்த அண்ணி எல்லா விதிகளையும் மனப்பாடம் செய்து, கொஞ்ச நாளிலேயே மூவ் கட்டத்துக்குப் பொறுப்பாளர் ஆகிவிட்டார்.

அப்போது நான் பொறியியல் முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தேன். விண்ணப்பங்கள் போவதும் திரும்புவதுமாக இருந்த அந்த நாட்களில்தான் நான் வரைந்த உருவம் குழுவின் ஓட்டெடுப்பில் ஜெயித்தது. அது ஓர் அழுங்கு, உடம்பெல்லாம் செதில் மூடிய எறும்புதின்னி. தொப்பூர் மலைப்பக்கம் சின்ன வயதில் ஒரு முறை பார்த்ததை நினைவில் வைத்து, செதில்களை மட்டும் பாறையாக்கியிருந்தேன். அந்த வருடம் இந்த உலகத்தில் என்னைத் தேர்ந்தெடுத்தது அந்த ஓட்டெடுப்பு ஒன்றுதான். அதனால் மூவ் கட்டம் நெருங்கியபோது எனக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. அழுங்கு பந்தாகச் சுருண்டுகொள்ள வேண்டும். சுருண்டால் அடிபட்டு இழந்த பலம் பாதி திரும்பி வர வேண்டும். அழுங்கு என்றால் சுருளும். குழந்தைக்கும் தெரியும்.

சாப்பிடும்போது அண்ணியிடம் மெல்லப் பேச்செடுத்தேன்.

"அந்தக் கட்டம் இன்னும் வரலீங்க தம்பி. வர்றதுக்கு முன்னால பேசறது தப்பு" என்று தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார்.

கட்டம் வந்ததும் மறுபடி கேட்டேன். "குழுவுல எழுதுங்க. வூட்டுல சொன்னா அது சிபாரிசு ஆயிருமுங்க."

குழுவில் எழுதினேன். எல்லோருக்கும் நடுவில் அண்ணி எனக்குப் பதில் எழுதினார், வேற்று மனிதருக்கு எழுதுவது போல. உருவத்தைக் காரணம் காட்டி மூவ் கேட்கக் கூடாது. இந்த மிருகம் அடித்துவிட்டு உடனே விலகுவதற்காகப் படைக்கப்பட்டது. பலம் திரும்பினால் விலகாமல் உட்கார்ந்துகொள்ளும். அன்று மாலை அடுப்படி வாசலில் நின்று, "அழுங்கு சுருளாம வேற என்னங்க அண்ணி பண்ணும்?" என்றேன். "அது காட்டு அழுங்குங்க. இது நாம ஒரு வேலைக்குன்னு செஞ்சது" என்றவர், தேங்காயை உடைக்கத் திரும்பிவிட்டார். அண்ணன் உள்ளேயிருந்து, "சோத்துக்கு உப்பு வேணுமான்னும் ஓட்டு வெச்சிருங்க" என்றார்.

இருந்தும் என் பக்கம் ஆட்கள் சேர்ந்தார்கள். ஓட்டு தொடங்கியது. அப்போதுதான் அண்ணி யாரும் கேட்காத ஒரு காரியத்தைச் செய்தார். இதை வரைந்தவர் என் கணவரின் தம்பி, இருவரும் ஒரே வீட்டில், ஒரே இணைய இணைப்பில் இருக்கிறோம், ஆகவே எங்கள் இருவர் ஓட்டையும் தள்ளிவிடுங்கள் என்று எழுதிப் போட்டார். முடிவு சமமாக வந்தது. சமமானால் அந்த மூவ் கிடையாது என்பது விதி. அண்ணி எப்படியும் எதிராகத்தான் போட்டிருப்பார் என்பதால் கூட்டிக் கழித்தால் முடிவு மாறியிருக்காது. அந்தக் கணக்கு என் ஆத்திரத்தைக் கூட்டத்தான் செய்தது. பல நாள் அவரோடு பேசவில்லை. அவர் வழக்கம்போல, "சாப்பிட வாங்க தம்பி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அதோடு முடியவில்லை. உறவுக்காரன் என்பதால்தான் அழுங்கு உருவமே ஜெயித்தது என்று குழுவில் சிலர் கிளப்பினார்கள். அவராகச் சொன்ன உண்மையே அவருக்கு எதிராகத் திரும்பியது. பொறுப்பிலிருந்து விலகச் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்க சண்டை போடுங்க அண்ணி. உங்க மேல தப்பே இல்லையே" என்றேன். "சந்தேகம் வந்தா விலகணும்னு விதி இருக்குதுங்களே" என்று சொல்லிவிட்டு விலகினார். அன்று குழம்பில் உப்பு அதிகம்.

புதிதாக வந்த பொறுப்பாளர் தாராளமானவர். மறு ஓட்டு வைத்து அழுங்குக்குச் சுருளும் மூவைக் கொடுத்துவிட்டார். நான் ஆசைப்பட்டது நடந்தது, விளையாட்டு நாசமானது. அழுங்கு அடிக்கும், சுருளும், எழும், மறுபடி சுருளும். ஓர் ஆட்டம் முடிவதற்குள் எதிராளி கிளம்பிப் போய்விடுவான். ஊர் உலகமெல்லாம் அதைத் திட்டித் தீர்த்தது. கடைசியில் முக்கியப் போட்டிகளில் அழுங்குக்கே தடை போட்டார்கள். அண்ணியிடம் போய்ச் சொன்னேன். 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். "குழுவுல அதை மறுபடி எடுக்கறப்பதான் பேசணுமுங்க தம்பி" என்றார். பொறுப்பில் இல்லாத மனுஷி, யாரும் கேட்காத அடுப்படியில், வெங்காயம் நறுக்கிக்கொண்டே இதைச் சொன்னார்.

இப்போது நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். அண்ணனும் அண்ணியும் தருமபுரிக்குக் குடிபோய்விட்டார்கள். அண்ணி பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறார். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது. போன மாதம் குழு அழுங்கை மறுபடி விவாதத்துக்கு எடுத்தது. சுருளும் மூவை நீக்கிவிடச் சொல்லி, அதை வரைந்த நானே ஓட்டுப் போட்டேன். நீக்கினார்கள். தடை விலகி அழுங்கு மறுபடி களத்துக்கு வந்தது.

நீக்கிய அன்று சாப்பாட்டு இடைவேளையில் அண்ணிக்குப் போன் செய்தேன்.

"முடிவு வந்துருச்சுங்களா?" என்றார்.

"வந்துருச்சுங்க அண்ணி."

"அறிவிச்சுட்டாங்களா?"

"அறிவிச்சுட்டாங்க."

"அப்பப் பேசலாமுங்க" என்றவர், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. அப்புறம் பேச ஆரம்பித்தார். அந்தச் சமமான ஓட்டு, புதிய பொறுப்பாளர் செய்த குளறுபடி, என் வாதத்தில் இருந்த ஓட்டை, அவர் எனக்கு எழுதிய பதிலில் இருந்த ஓட்டை, விலகிய அன்று அழுதது என்று ஒன்று விடாமல், வரிசை மாறாமல் எல்லாம் வந்தது. இடைவேளை முடிந்து மணி அடித்தது. அவர் நிறுத்துவதாக இல்லை. நானும் வைக்கவில்லை.