எத்தனை துளை, சார்?

பாறையில் யாரோ இளஞ்சிவப்பு பெயிண்ட் பூசியதுபோல் படரும் அந்தப் பாசியை உயிர் என்று பலர் நம்புவதில்லை. உடம்பெல்லாம் சுண்ணாம்பு. தூத்துக்குடிக் கடலில் நான் பொறுக்கிய கற்கள் பெங்களூர் ஆய்வகத்தில் என் மேஜையில் இருந்தன. புது இனம் என்று எனக்குத் தோன்றியது. அமிலத்தில் சுண்ணாம்பைக் கரைத்தேன், மெல்லச் சீவினேன், சாயமேற்றி ஸ்லைடுகளில் ஒட்டினேன்.

நான் ஊருக்குப் போயிருந்த வாரத்தில் என் சீனியர் ஸ்லைடு பெட்டியை எடுத்துக் கட்டுரையே எழுதிவிட்டார். என் பெயர் இல்லை.

"நீ சீவினே, நான் யோசிச்சேன்," என்றார். பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனிலேயே வளர்ந்தவர், பேச்சில் கன்னடம் கலக்கும். "சும்னே டென்ஷன் ஆகாதேம்மா. நன்றிப் பகுதியில உன் பேரைப் போட்டுடறேன்."

அடுகோடியில் என் வாடகை அறையில் உட்கார்ந்து அவருடைய வரைவைப் படித்தேன். பாசியைத் தவறான பிரிவில் சேர்த்திருந்தார். இந்தப் பாசிகள் வித்துகளைக் குழிகளில் வளர்க்கும். நான்கு நான்காக வித்து உண்டாக்கும் செடியின் குழிக்கூரையில் ஒரே துளை என்றால் ஒரு பிரிவு, சல்லடையாகப் பல துளை என்றால் வேறு பிரிவு. ஆண், பெண் செடிகளிலோ இரண்டு பிரிவிலும் ஒற்றைத் துளைதான். அவற்றை வைத்து முடிவு சொல்லக் கூடாது. பெட்டியில் இருந்தவை எல்லாம் பெண் செடிகள். நால்வித்துச் செடியின் ஸ்லைடு மட்டும் பசை காய்வதற்காக என் டிராயரில் இருந்தது.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைக் கருத்தரங்கு வரை நன்றாகத் தூங்கினேன்.

"ஒரே துளை. ஆகவே பிரிவில் சந்தேகமில்லை," என்று திரையைக் காட்டினார்.

கையைத் தூக்கினேன். "சார், அது பெண் செடியா, நால்வித்துச் செடியா?"

"குழி குழிதானேம்மா?"

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். ஆய்வக இயக்குநர் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். நான் போய் என் ஸ்லைடைத் திரையோடு இணைத்த நுண்ணோக்கியில் வைத்தேன். சல்லடை.

"எத்தனை துளை, சார்?"

அவர் எண்ணவில்லை.

மாலையில் என் மேஜைக்கு வந்தார். "அந்த ஸ்லைடைக் கொடும்மா. உன் பேரையும் சேர்த்துக்கலாம்."

"என் பேர் மட்டும்தான் சார். இயக்குநர் அம்மாகிட்ட பேசிட்டேன்."

"அப்போ நான்?"

கட்டுரை என் பெயரில் வந்தது. நன்றிப் பகுதியில் கடைசி வரி அவருக்கு: ஸ்லைடு பெட்டியை ஒரு வாரம் பத்திரமாக வைத்திருந்தமைக்காக.