பள்ளம் அப்படியேதான் இருக்கும்

திருவொற்றியூரில் மழைத்தண்ணீருக்கு எல்லோரும் செய்கிற வைத்தியம் ஒன்றுதான். உயர்த்துவது. ரோடு போடுகிறவர்கள் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டு உயர்த்துவார்கள். ரோடு உயர்ந்ததும் கடைக்காரர் படியை உயர்த்துவார். வசதி உள்ளவர் வீட்டையே இடித்து உயர்த்திக் கட்டுவார். உயர்த்த முடியாதவன் வீட்டுக்குள் தண்ணீர் போகும். ஹவுசிங் போர்டு குடியிருப்பில் தரைத்தளத்தில் இருக்கும் நாங்கள்தான் அந்த முடியாதவர்கள்.

முடியாது என்று சொல்வதும் சரியில்லை. நாங்களும் தரையை உயர்த்திப் பார்த்தோம். தரை ஏறினால் கூரையும் கூடவே ஏறுமா என்ன? என் கணவர் சட்டை போடக் கையைத் தூக்கினால் மின்விசிறி இடிக்கும். அதனால் விசிறியை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்கத்தான் சட்டை மாட்டுவார். அப்படி உயர்த்தியும் ஐப்பசி பிறந்தால் தண்ணீர் வந்தது. நல்ல தண்ணீரா வந்தது? சாக்கடையும் லாரி ஆயிலும் கரித்தூளும் கலந்த கலீஜ். என் மோட்டார் தையல் மிஷினின் கால்பெடல் மறுபடியும் முங்கிப்போன அன்று கணவர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

"இதான் கடசி. இன்னொரு தபா தண்ணி உள்ள வந்துச்சுன்னா மாதவரத்துல வாடகைக்குப் பூடலாம். அங்கயாவது மாடி வூடு கெடைக்கும். நீ ஒண்ணும் பேசாத."

பேசாமல் இருக்க நான் என்ன ஊமையா? கல்யாணமாகி வந்த வீடு இது. என்னிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பவர்கள் எல்லோரும் இந்த நாலு பிளாக்கில் இருக்கிறார்கள். மாதவரத்தில் என்னை யாருக்குத் தெரியும்? தண்ணீர் வந்தால் தண்ணீர்தான் வெளியே போகவேண்டும். நான் எதற்குப் போகவேண்டும்?

எங்கள் பிளாக்குக்குப் பின்னால் ஒரு மைதானம் உண்டு. பிள்ளைகள் விளையாட விட்ட இடம். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் டிரெய்லர்கள் மெயின் ரோட்டில் வரிசைகட்டி நிற்கும். வரிசை நகராத நாளில் அவை இந்த மைதானத்துக்குள் வந்து நின்று பழகிவிட்டன. அந்தச் சக்கரங்கள் ஏறி ஏறி மண் சிமெண்டுத் தரையாக இறுகிவிட்டது. அதில் பெய்கிற மழை ஒரு சொட்டு உள்ளே இறங்காது. நேராக எங்கள் வாசலுக்கு வரும்.

அந்த இடத்தைப் பிடித்து மரம் வைத்தால் மண் தண்ணீரைக் குடிக்கும் என்று நான் எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தேன். முதலில் என் கூட நின்றவள் மூன்றாம் மாடியில் இருக்கும் மீன்காரி. கல்மண்டபம் மார்க்கெட்டில் கூடை வைத்து விற்பவள். அவள் வீட்டுக்குத் தண்ணீர் ஏறவே ஏறாது. ஆனால் மொட்டைமாடிக்கு நேர் கீழே இருப்பதால் சித்திரை முழுக்க வெந்துபோவாள்.

"எனக்கு நெழலு வோணும், ஒனக்குத் தண்ணி போவணும். வா, சேந்து சண்ட போடலாம்" என்றாள்.

சண்டை போட்டோம். ஒரு டிரைவரைத் துரத்தினால் அடுத்தவன் வருவான், அவனிடம் முதலிலிருந்து தொடங்கவேண்டும். தொண்டை கட்டியதுதான் மிச்சம். அப்போதுதான் மீன்காரிக்கு அந்த யோசனை வந்தது.

எங்கள் பக்கத்தில் தண்ணீர் லாரி வருவதற்கு முன்பே குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். குடம் இருந்தால் ஆள் இருப்பதாகத்தான் கணக்கு. முகம் பார்த்துப் பேசாத எதிரியின் குடத்தைக்கூட யாரும் நகர்த்த மாட்டோம். நகர்த்தினால் தெருவே திரண்டுவிடும். ஒருநாள் காலை, டிரெய்லர்கள் எல்லாம் வெளியே போன நேரம் பார்த்து, மைதானத்து வாசலை அடைத்து ஓட்டைக் குடங்களை வரிசையாக வைத்தோம். ஒவ்வொன்றிலும் மண் போட்டு ஒரு பூவரசங்கிளைப் போத்தை நட்டோம்.

திரும்பி வந்த முதல் டிரைவர் விடாமல் ஹார்ன் அடித்தான். யாரும் அசையவில்லை. இறங்கி வந்தான். அவன் வண்டிக்கு அந்தப் பிளாஸ்டிக் குடங்கள் எம்மாத்திரம்? ஆனால் அவனும் பக்கத்து எண்ணூர்க்காரன், குடத்து வரிசையில் வளர்ந்தவன்.

"யார் கொடம்மா இதெல்லாம்? எடுங்கம்மா!"

"தெகிரியம் இருந்தா நீ எடுத்துப் பாரு" என்றாள் மீன்காரி.

"இன்னாம்மா பேஜாரு பண்றீங்க? கொடத்துல நான் எப்பிடிக் கை வெக்கறது?" என்று புலம்பிக்கொண்டே வண்டியைப் பின்னால் எடுத்தான். அடுத்து வந்தவர்களும் அப்படித்தான் போனார்கள். சிலர் காது கூசத் திட்டினார்கள். திட்டட்டுமே.

இடம் கைக்கு வந்ததும் நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? உயர்த்தினோம். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டை இடித்தார்கள், இடித்த கல்லும் மண்ணுமாக ரப்பீஸ் சும்மா கிடைத்தது. உயர்த்தவேண்டுமா என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது கேள்வியே இல்லை. இடுப்பளவுக்குக் கொட்டி, சமன் செய்து, பூவரசையும் புங்கனையும் நட்டு, கேசரி கிண்டி ஆளுக்கொரு கரண்டி கொடுத்தோம். கீழ்வீட்டுக்காரர்கள்தான் அதிகம் சந்தோஷப்பட்டோம்.

ஐப்பசி வந்தது. மேட்டில் பெய்த மழையெல்லாம் சறுக்கிக்கொண்டு எங்கள் வீடுகளுக்குள் இறங்கியது. முன்பு கணுக்காலுக்கு வந்த தண்ணீர் இப்போது முழங்காலுக்கு வந்தது. மேல்வீட்டுக்காரர்கள் தூக்குவாளியைக் கயிற்றில் கட்டி டீ இறக்கினார்கள். கட்டில்மேல் உட்கார்ந்து அதைக் குடித்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஊரே முங்கிக் கிடக்க, எங்கள் மைதானம் மட்டும் மேடாக, காய்ந்த காலோடு நின்றது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

தண்ணீர் வடிந்த பிறகு கணவர் மாதவரத்துக்கு வீடு பார்க்கப் போனார். நான் கடப்பாரையோடு மைதானத்துக்குப் போனேன்.

"இன்னாக்கா, செடி ஷோக்கா வந்துகினு கீது, இத்தப் போய் நோண்டிகினு கீறியே!" என்று மாடியிலிருந்து ஒரு குரல்.

"ஒன் வூட்டுக்குத் தண்ணி வந்துச்சா? வரல இல்ல? கம்முனு இரு!" என்றேன்.

மீன்காரி இறங்கி வந்தாள். அவள் நிழலுக்காகத்தானே அந்த மரங்கள். இவளோடும் சண்டைதான் என்று கடப்பாரையை இறுக்கிப் பிடித்தேன். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண் அள்ளும் சட்டியைக் கையில் எடுத்தாள்.

"செடியப் புடுங்கி ஓரத்துல நட்டுக்கலாம். நீ நோண்டு" என்றாள்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும் நாலு பிளாக்கும் இறங்கியது. ரப்பீஸுக்குக் கீழே இறுகிய மண். அதற்குக் கீழே யாரோ எப்போதோ கொட்டிய சாம்பல். அதற்கும் கீழே பாலிதீன். எல்லாவற்றையும் தாண்டியதும் கிளிஞ்சலோடு வெள்ளை மணல் வந்தது. அதில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினோம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போனது. தோண்டிய மண்ணைக் கொண்டு சுற்றிலும் கரை கட்டி அதன்மேல் மரங்களை நட்டோம். ஒவ்வொரு வாசலிலிருந்தும் பள்ளத்துக்கு வாய்க்கால் வெட்டினோம். புல்லும் கோரையும் தானாக முளைத்தன. கொக்கும் வந்தது.

பிறகு மாநகராட்சி அதிகாரி ஒருவர் வந்தார். பள்ளத்தை மூடி, கல் பதித்து, நடுவில் நீரூற்று வைத்துப் பூங்கா கட்டப்போகிறார்களாம்.

"மழை பெஞ்சா இங்க குளம் மாதிரி நிக்குமேம்மா" என்றார்.

"நிக்கட்டும் சார். எங்க வூட்ல நிக்கறதுக்கு அது அங்க நிக்கட்டும்."

"ஆர்டர் ஆயிடுச்சும்மா. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"அப்ப நாங்க பண்றோம் சார்."

மண் லோடு வந்த அன்று எல்லோரும் பள்ளத்துக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டோம். மீன்காரி அரிவாள்மனையைக் கொண்டுவந்து உள்ளேயே மீன் ஆய ஆரம்பித்தாள். நான் ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைத்தேன். "கொட்டுறதுன்னா எங்க தலைமேல கொட்டு" என்றதும் லாரி வந்த வழியே போய்விட்டது. மறுபடி வருவேன் என்று அதிகாரி சொன்னார். வரட்டும், நாங்கள் எங்கும் போவதாக இல்லை.

மாதவரத்து வாடகையைக் கேட்டுவிட்டு ஒரு வருஷம் தள்ளிப்போட்டிருந்த கணவர், அடுத்த மழைக்கு முன்பே துணிமணிகளை மூட்டை கட்டிவைத்துவிட்டார். மழை இரண்டு நாள் விடாமல் அடித்தது. வாய்க்கால்கள் ஓடின, பள்ளம் நிரம்பிக் கரையைத் தொட்டது. தண்ணீர் எங்கள் வாசற்படி வரைக்கும் வந்தது. நான் வாசலில் நின்று அதையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அங்கேயே நின்றது. கொஞ்ச நேரத்தில் உள்ளே கணவர் மூட்டையை அவிழ்க்கிற சத்தம் கேட்டது.

அப்போது மைக் கட்டிய ஆட்டோ ஒன்று வந்தது. தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் உடனே முகாமுக்குப் போகவேண்டுமாம். ஆட்டோவுக்குள் இருந்தவர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கத்தினார்.

"யம்மா, இது தாழ்வான எடம்மா! கெளம்பும்மா!"

நான் பின்பக்கம் கையைக் காட்டினேன்.

"தாழ்வான எடம் அங்க கீது நைனா. நாங்களே நோண்டுனது. இது வூடு."