அம்மா விலை பேசிய சுவர்

சுவர் விழுகிற சத்தம் ஒரு நிமிஷம், அதன் செலவுச் சத்தம் ஒரு வருஷம் என்பாள் அம்மா. சொந்தச் சரக்குதான். வேண்டிய பழமொழி கைவசம் இல்லாவிட்டால் நின்ற இடத்திலேயே ஒன்றைச் செய்துகொள்வது அவள் வழக்கம். போன மாதம், திருவெறும்பூரில் என் வீட்டுத் தோட்டத்துச் செங்கல் சுவரை இடித்துக் கட்ட ஒருவர் விலை சொல்லிவிட்டுப் போனார். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதிர்ச்சியில் எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று அந்த மனிதர் பயந்திருப்பார்.

நான் நினைத்துக்கொண்டது வேறொரு சுவரை. அப்போது நாங்கள் திருவானைக்காவலில் இருந்தோம். நான் நாலாம் வகுப்பு. எங்கள் கொல்லையும், பின் தெருவில் இருந்த டீச்சர் வீட்டுக் கொல்லையும் முதுகோடு முதுகு ஒட்டியவை. டீச்சர் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்தார். அவர் வீட்டுக்காரரை நாங்கள் சார் என்போம்; ஒரு காலேஜ் ஆபீசில் வேலை. இரண்டு கொல்லைக்கும் நடுவே முதலில் முள்வேலிதான் இருந்ததாம். அதைச் சுவராக்கியது ஒரு கம்பளிப்பூச்சி.

சார் வீட்டு முருங்கை எங்கள் பக்கம் சாய்ந்து நிற்கும். அதிலிருந்து விழுந்த பூச்சி ஒன்று, கொடியில் காய்ந்த அப்பாவின் காக்கிச் சட்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அப்பா அதை மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறினார். தொழிற்சாலை வாசல் வரைக்கும் அவர் ஆடிய ஆட்டத்தை அவருடைய நண்பர்கள் ரிட்டயர் ஆகும்வரை நடித்துக் காட்டினார்கள். மரத்தை வெட்டச் சொன்னார் அப்பா. "முருங்கைய ஒடிச்சு வளக்கணும்னுதாங்க சொல்லியிருக்காங்க, வெட்டி வளக்கணும்னு சொல்லலையே" என்றார் சார். பேச்சு அதோடு நின்றது. அப்பா போனஸ் பணத்தில் ஆளுயரத்துக்கு மேல் சுவர் எழுப்பினார். அவசரத்தில் எழுப்பியது. அஸ்திவாரத்தைவிடக் கோபம்தான் ஆழமாக இருந்தது.

அந்தச் சுவர் ஓர் ஐப்பசி மழையில், பட்டப்பகலில், அலுத்துப்போனவர் படுப்பதுபோல மெதுவாகச் சாய்ந்து படுத்துவிட்டது. முருங்கைக்கு ஒரு காம்புகூட ஒடியவில்லை. மறுநாளே அம்மா துணிக்கொடியை வாசல் பக்கம் மாற்றிக் கட்டினாள். கம்பளிப்பூச்சித் தகராறு தீர்ந்தது. செலவு, ஒரு முழக் கயிறு.

ஆனால் அப்பாவுக்குச் சுவர் வேண்டும். மேஸ்திரி டிவிஎஸ் 50-இல் வந்து இறங்கினார். நீளம் அளந்தார், வானத்தைப் பார்த்தார், ஒரு தொகையைச் சொன்னார். அப்பா உள்ளே திரும்பி அம்மாவைக் கூப்பிட்டார். எங்கள் வீட்டில் விலை பேசுவது அம்மாவின் இலாகா. காந்தி மார்க்கெட்டில் அவள் வாய் திறந்தால் கத்திரிக்காய் தானாக இறங்கிவிடும் என்பார்கள். தெருவில் யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுத்தாலும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவார்கள். மேஸ்திரியை நினைத்து எனக்கே பாவமாக இருந்தது.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அஸ்திவாரம் எத்தனை அடி, மேஸ்திரி?"

"ரெண்டடிம்மா."

"அவ்வளவுதானா? ஒரு பக்கம் காவேரி, ஒரு பக்கம் கொள்ளிடம். இந்த மண்ணுல ரெண்டடி எப்படி நிக்கும்? மூணா தோண்டுங்க. நடுநடுவுல தூணு வேணாமா?"

"போட்டுரலாம்மா. கொஞ்சம் கூட ஆகும்."

"ஆகட்டும். மேல கான்கிரீட்ல ஒரு பெல்ட்டு. ரெண்டு பக்கமும் பூச்சு."

அப்பா பதறிவிட்டார். "ஏண்டி, அந்தப் பக்கம் பூசறதுக்கும் நாமளா காசு குடுக்கணும்?"

"அந்தப் பக்கமும் நம்ம சுவருதாங்க. நாளைக்கு யாரும் ஒரு சொல்லு சொல்லிரக் கூடாது பாருங்க."

மேஸ்திரி அம்மாவை, சந்நிதிக் கதவு திறந்ததுபோல, பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் சொன்ன தொகைக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கி, அதற்கு ஒரு வருஷம் பெட்ரோலும் போடலாம் என்றார் அப்பா. பொங்கல் கழியட்டும் என்று மேஸ்திரியை அனுப்பிவைத்தார்.

எனக்கு மானமே போய்விட்டது. "ஏம்மா, பேரம் பேச மறந்துட்டியா?" என்று கேட்டேன். "போடி, மலிஞ்ச சுவரு மறுபடி விழும்" என்றாள். அதுவும் சொந்தச் சரக்கு.

அதற்குள் கொல்லையில் ஒரு பழக்கம் வேர்விட்டிருந்தது. சாயங்காலமானால் டீச்சர் பரீட்சைத் தாள்களோடு வந்து ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து உட்காருவார். அம்மா முறத்தோடு எதிரில் உட்காருவாள். "அக்கா, இந்தப் பயலோட விடைய கேளுங்க" என்று டீச்சர் வாசிப்பார். அம்மா சிரிப்பாள். முசிறிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள், அப்பா ஷிப்டுக்குப் போனால் ரேடியோவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள். கண்ணில் நீர் வர அவள் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. டீச்சர் வீட்டுக்குத் தெரு வழியாகப் போக வேண்டுமானால் இரண்டு தெருவும் பார்க்கப் போக வேண்டும். அதுவும் புருஷன் முகம் கொடுத்துப் பேசாத வீட்டுக்கு. அம்மா ஒருநாளும் போனதில்லை. சுவர் எழும்பினால் அந்தச் சாயங்காலமும் போய்விடும்.

அப்பா வேறு வழி யோசித்தார். பழைய செங்கல்லையே திரும்ப வைத்தால் செலவு குறையுமே! ஒட்டியிருந்த காரையைத் தட்டிச் சுத்தமாக அடுக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார். கூலி கடலைமிட்டாய். நான் அடுக்க அடுக்க, அடுக்கு குறைந்தது. சேற்றில் கால் வைக்க முடியவில்லையென்று அந்தக் கொல்லை வரை ஒரு பாதை போட்டாள் அம்மா. கனகாம்பரப் பாத்திக்கு வரப்பு கட்டினாள். டீச்சர் கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுவந்தது அந்தப் பாதையில்தான். பொங்கலுக்கு அம்மா மூன்று செங்கல்லை வைத்துப் பானை ஏற்றியது, சுவர் நின்ற அதே கோட்டின் மேல்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பா அடுக்கின் முன்னால் நிற்பார். தொழிற்சாலையில் அவர் இன்ஸ்பெக்டர். இரும்பில் மயிரிழை பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவார். அவர் அடுக்கைப் பார்த்து, பாதையைப் பார்த்து, "மழையில கரைஞ்சிருக்கும்" என்றார். சுட்ட செங்கல் கரையுமா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

பொங்கல் கழிந்தது. அப்பாவின் நண்பர் ஒருவர் உறையூரிலிருந்து வேறொரு மேஸ்திரியை அனுப்பினார். அந்த மனுஷன் மூன்றடி அஸ்திவாரம், தூண், பெல்ட்டு, இரண்டு பக்கப் பூச்சு எல்லாம் சேர்த்தே பாதி விலை சொன்னார். அம்மாவுக்குக் கேட்க ஒன்றும் மிச்சமில்லை. "அப்ப சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்றைக்குச் சாம்பாரில் உப்பே இல்லை. அப்பா அதையே சாப்பிட்டுவிட்டு, கொல்லைப்படியில் உட்கார்ந்து அந்தக் கவிழ்த்த பக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் மேஸ்திரி முன்பணத்துக்கு வந்தார். "இவ்வளவு மலிஞ்ச சுவரு வேணாங்க, மறுபடி விழுந்துரும்" என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டார் அப்பா.

அடுத்த வாரம் பழைய இரும்புக்கடையிலிருந்து ஒரு சின்னக் கேட்டு வந்து இறங்கியது. மிச்சமிருந்த செங்கல்லில் இரண்டு தூண் எழுப்பி, பாதையின் நடுவில் அதை மாட்டினார் அப்பா. இந்தப் பக்கம் வெட்டவெளி, அந்தப் பக்கம் வெட்டவெளி, நடுவில் தாழ்ப்பாளோடு ஒரு கேட்டு. பார்த்தவர்கள் சிரித்தார்கள். "முதல்ல கேட்டு. சுவரு மெதுவா வரும்" என்றார் அப்பா, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு.

கேட்டு திறக்கும்போதெல்லாம் கிரீச்சென்று கத்தும். ஒருநாள் சத்தம் நின்றுவிட்டது. நான் எண்ணெய் போடவில்லை, அம்மாவும் இல்லை. அப்பா கீலை விரலால் தொட்டுப் பார்த்தார். அந்தப் பக்கம் சார் முருங்கையை அண்ணாந்து பார்த்தபடி, காய்களில் மும்முரமாக இருந்தார். அன்று மாலையே ஒரு கட்டு முருங்கைக்காயோடு வந்தார். பக்கவாட்டில் நடந்து வந்திருக்கலாம். தாழ்ப்பாளை நீக்கி, உள்ளே வந்து, திரும்பி நின்று மறுபடி போட்டார். "வாங்க" என்றார் அப்பா. காப்பி வந்தது.

முருங்கைக்காயைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிய நான், பதிலுக்குக் கொடுக்க ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கேட்டைச் சுற்றிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குக் கிளம்பினேன்.

"பாப்பா, கேட்டு எதுக்கு இருக்கு? தொறந்துக்கிட்டுப் போ" என்று அதட்டினார் அப்பா.

திரும்பி வந்து, திறந்து, மூடினேன். பாவம் அப்பா. சுவருக்குக் காசு போதாமல், கையில் இருந்ததற்குக் கேட்டை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு எவ்வளவு கௌரவமாக இருக்கிறார்! பெரியவளானதும் முதல் சம்பளத்தில் அந்தச் சுவரைக் கட்டிக் கொடுத்துவிடுவது என்று கேட்டைப் பிடித்துக்கொண்டு சபதம் செய்தேன்.

ராத்திரி அம்மாவிடம் அதைச் சொன்னேன். அவள் என் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"அவசரமில்லடி. மெதுவாக் கட்டலாம்."