நாலு மணிக்கு ஊற்ற வேண்டிய தண்ணீர்

இதை எழுத எனக்குத் தகுதி இல்லை என்பது தெரியும். சாதாரண தரப் பரீட்சை வரைதான் படித்தேன். அதிலும் விஞ்ஞானத்தில் மட்டுமட்டாகத்தான் தேறினேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவும் எனக்கு வராது. ஒரு நாள் பேச வேண்டிய இடத்தில் பேசவில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் பிடித்து ஒரு பல்கலைக்கழகத்தின் இரசாயன ஆய்வுகூடத்துக்கு வேலைக்குப் போகிறேன். கண்ணாடிச் சாமான் கழுவுவது, மேசை துடைப்பது, போத்தல்களுக்குப் பெயர் ஒட்டுவது, இவைதான் என் வேலை. அங்கே ஆராய்ச்சிக்கு வந்தவர் மிஸ். வெள்ளவத்தையில் தாயோடு இருந்தார். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். ஆனாலும் எங்களுக்குப் படித்தவர்கள் எல்லோரும் சேர் அல்லது மிஸ்தான். அவர் என்னை அக்கா என்றார். மத்தியானம் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் இருக்கும் கழுவும் அறைக்கே வந்துவிடுவார்.

சீனி தண்ணீருக்குள் எப்படி இருக்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் விடவில்லை.

"சீனி தண்ணிக்குள்ள போனா என்னக்கா நடக்கும்?"

"கரைஞ்சிடும், மிஸ்."

"கரையிறதெண்டா காணாமப் போறதில்ல. நீங்க காலையில கொட்டாஞ்சேனையில பஸ் ஏறுறீங்களே, அது மாதிரி. வெளியில நிக்கிறவைக்கு உங்களைத் தெரியாது. ஆனா நீங்க உள்ளுக்குத்தான் நிக்கிறீங்க, நாலு பக்கமும் ஆக்கள் நெருக்கிக்கொண்டு."

அந்த நெரிசலைப் பார்க்க அவரிடம் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, சீனித் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் கலத்தில் ஊற்றி, லேசர் ஒளி பாய்ச்சி, சிதறி வருகிற ஒளியை அளக்கும் நிறமாலை இயந்திரம். அது மேடும் பள்ளமுமாகக் கோடு போட்டுத் தரும். மற்றது கணினி. சீனியையும் தண்ணீரையும் அணு அணுவாக அதற்குள் கணக்காக வைத்து ஓடவிடுவார். அதைச் சிமுலேஷன் என்றார். கணக்குச் சொல்வதும் இயந்திரம் சொல்வதும் ஒத்துவந்தால் அவருக்குக் கலாநிதிப் பட்டம். ஒரு நாள் திரையில் காட்டினார். ஆறு மூலை வளையம் ஒன்று நடுவில் நெளிந்துகொண்டிருந்தது. சுற்றியிருந்த தண்ணீர்த் துணிக்கைகள் அதைப் பிடித்தன, விட்டன, வேறொன்று வந்து பிடித்தது. நான் நெடுநேரம் பார்த்தேன். எனக்கு அப்படி ஒன்றை யாரும் அதற்கு முன் தமிழில் உட்கார்ந்து விளங்கப்படுத்தியதில்லை. அந்தப் படத்தை நிறத்தில் அச்செடுத்து, பின்பக்கம் திகதியும் கோப்பு இலக்கமும் எழுதி எனக்குத் தந்தார். வீட்டு அலுமாரிக் கதவில் ஒட்டி வைத்தேன்.

மிஸ் குளுக்கோஸ் என்ற சீனித்தூளை நிறுத்துப் போத்தல்களில் போட்டு வைப்பார். நாலு மணிக்கு நான் வீட்டுக்குப் போக முன், ஒவ்வொன்றுக்கும் அளவாகத் தண்ணீர் ஊற்றி மூடி வைக்க வேண்டும். காலை எட்டு மணிக்கு இயந்திரத்தில் அவருடைய முறை. ஏன் முதல் நாளே ஊற்ற வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நன்றாகக் கரையத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் நாலு மணிக்கு ஊற்றவில்லை.

காரணம் எறும்பு. அதற்கு முந்திய வருடம் லேசர் இருக்கும் அறைக்குள் எறும்பு போய்விட்டது என்று ஸ்டோர் பொறுப்பாளர் என்னை எல்லோருக்கும் முன்னால் சிங்களத்தில் ஏசினார். மிஸ் அதைச் சொல்லி என்னைப் பகிடி பண்ணுவார். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டிலும் சீனித் தண்ணீரை இரவில் வைக்கமாட்டோம். எவ்வளவு இறுக்கி மூடினாலும் காலையில் மூடியைச் சுற்றிக் கறுப்பாக நிற்கும். அதனால் காலை ஏழரைக்கு வந்து ஊற்றினேன். ஒரு தடவை குலுக்க, கண்ணாடி போலத் தெளிந்துவிடும். பஸ் பிந்திய நாட்களில் எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் ஊற்றினேன். நேற்றைய தண்ணீருக்கும் அதற்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை. வேலையைச் சுத்தமாகச் செய்வதாகத்தான் எனக்கு எண்ணம்.

அளவுகள் எல்லாம் முடிந்த மாதத்தில் இயந்திரத்தின் லேசர் பழுதாகிவிட்டது. பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், டொலர் இல்லை என்றார்கள். பிறகுதான் மிஸ் கோடுகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தார். ஒரே சீனி, ஒரே அளவு. ஒரு நாளைய மேடு மறுநாளையதோடு பொருந்தவில்லை. கணக்கோடும் பொருந்தவில்லை.

ஒரு பின்னேரம் என்னைக் கூப்பிட்டார். பேராசிரியரும் இருந்தார். மேசை நிறையக் கடதாசி.

"அக்கா, அந்தப் போத்தலுக்கெல்லாம் முதல் நாள் பின்னேரமே தண்ணி ஊத்தினீங்கதானே?"

பேராசிரியர் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். ஆறு வருடமாகியும் என் வேலையை நிரந்தரமாக்கவில்லை. அவருடைய கையெழுத்துக்காகத்தான் என் கடிதம் காத்திருந்தது. சொன்னபடி செய்தேனா என்றுதான் கேட்கிறார்கள் என்று நினைத்தேன்.

"ஓம், மிஸ்" என்றேன்.

அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. பேராசிரியர் பக்கம் திரும்பி, அப்படியென்றால் பிழை தன்னுடைய கணக்கில்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவ்வளவு ஆங்கிலம் எனக்கு விளங்கும்.

அதன் பின் அவர் கணக்கைத் திருத்தத் தொடங்கினார். தண்ணீர் சீனியைப் பிடிக்கும் பலத்தைக் கூட்டுவார், குறைப்பார், திரும்ப ஓடவிடுவார். மத்தியானச் சாப்பாட்டைத் திறந்து வைத்துவிட்டு மூடுவார். "எனக்கு இது சரிவராது போலக்கா" என்று ஒரு தரம் சொன்னார். சாப்பிடுங்கோ என்று மட்டும் சொன்னேன். கடைசியில் எப்படியோ கோடுகளுக்கு ஏற்ற மாதிரிக் கணக்கை வளைத்து ஆய்வேட்டைக் கொடுத்தார். பரீட்சகர்கள் அதைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் தரம் எழுத அவருக்கு மனம் வரவில்லை. விலகிப் போய்விட்டார். என் நிரந்தரக் கடிதம் அதே மாதம் வந்தது.

ஒரு வருடத்துக்குப் பிறகு லேசர் வந்தது. புதிய மாணவிகள் இரண்டு பேருக்குப் பேராசிரியர் சிங்களத்தில் பாடம் சொன்னார். நான் பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். குளுக்கோஸ் தூளாக இருக்கும்போது ஒரே உருவம்தானாம். தண்ணீரில் போட்டதும் அதன் வளையம் திறந்து திறந்து மூடி, மெல்ல மெல்ல இரண்டு உருவங்களாகப் பிரிந்து நிற்குமாம். அது அடங்கப் பல மணித்தியாலம் ஆகுமாம். ஊற்றியவுடன் அளந்தால், அளக்க அளக்க மாறிக்கொண்டே இருக்குமாம். அதனால்தான் முதல் நாளே ஊற்றுவது என்றார்.

துணியை அங்கேயே வைத்துவிட்டுக் கழுவும் அறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அலுமாரியிலிருந்து படத்தைக் கழற்றிக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனேன். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் மூன்றாம் மாடி. முன் அறையில் உயர்தரப் பரீட்சைப் பிள்ளைகளுக்கு டியூஷன் நடத்துகிறார். வாங்குகள், வெள்ளைப் பலகை. என்னைக் கண்டதும் சந்தோசப்பட்டு, "எறும்பெல்லாம் சுகமா, அக்கா?" என்று பகிடி விட்டார். ஒரு வாங்கில் உட்காரச் சொன்னார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

கீழே ரயில் ஒன்று போனது. அவர் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எத்தினை போத்தலுக்கு?"

"எல்லாத்துக்கும், மிஸ்."

படத்தை வாங்கித் திருப்பி, பின்பக்கம் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார்.

"இது முதல் செய்த கணக்கு. இதுதான் சரி." பிறகு, "சரியா இருந்ததை நானே பிழையாக்கினன்" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அண்டைக்கு இல்லையெண்டு சொல்லியிருந்தா நான் ஏசியிருப்பனா, அக்கா? லேசர் வரட்டும் எண்டு இருந்திருப்பன். நீங்க பொய் சொல்லமாட்டீங்க எண்டு நினைச்சுத்தான் என்னை நான் நம்பாமல் விட்டனான்."

படியில் பிள்ளைகளின் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் படத்தை மேசையில் கவிழ்த்து வைத்து, பலகையைத் துடைக்க எழும்பினார். வகுப்புத் தொடங்கப் போகிறது, நான் வெளிக்கிட்டால் நல்லது என்றார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொல்லவில்லை.

மறுநாள் எட்டு மணிக்கு வேலைக்குப் போனேன். பேராசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். எழுதித் தரச் சொன்னார். தமிழில் எழுதிக் கொடுத்தேன். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. யாரிடமாவது கொடுத்து மொழிபெயர்க்க வேண்டும் என்று தன் கடிதக் கோவைக்குள் வைத்தார். பின்னேரம் நாலு மணிக்கு ஒன்பது போத்தல்களுக்குத் தண்ணீர் ஊற்றி மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன்.